மலையேறும் பழைய கார்: கார்புரேட்டர் பற்றிய வாசகர் கேள்விகள்

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கருவி) பொருத்திய பழைய கார்களை இன்றும் பேணி ஓட்டுபவர்கள், மலைப்பாதையில் அவை தரும் தொல்லைகளைக் குறித்து எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: சமவெளியில் குறை சொல்ல முடியாதபடி ஓடும் என் கார், 2000 மீட்டர் உயரத்தைத் தாண்டியதும் திணறத் தொடங்குகிறது. மூன்றாவது கியரில் ஏற வேண்டிய ஏற்றத்துக்கு இரண்டாவது கியர் தேவைப்படுகிறது. சைலன்சரில் கரும்புகை வருகிறது. பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. கீழே இறங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. என்ஜினில் ஏதேனும் கோளாறு இருக்குமா?

பதில்: கீழே இறங்கியதும் சரியாகிவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. என்ஜின் நலமாகத்தான் உள்ளது; அது இழுக்கும் காற்றுதான் மாறிவிட்டது.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1013 மில்லிபார். 2000 மீட்டரில் அது 795 ஆகவும், 3000 மீட்டரில் 701 ஆகவும், 4000 மீட்டரில் 616 ஆகவும் குறைகிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எந்த உயரத்திலும் சுமார் 21 விழுக்காடுதான், அது மாறுவதில்லை. மாறுவது காற்றின் அடர்த்தி. கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் காற்றின் எடை 1.2 கிராமுக்குச் சற்று அதிகம். 3000 மீட்டரில் அதே ஒரு லிட்டர் 0.9 கிராம்தான் இருக்கும். என்ஜின் காற்றைக் கன அளவால் இழுக்கிறது, ஆனால் பெட்ரோல் எரிவதோ காற்றின் எடையைப் பொறுத்தது. ஆகவே அதே சிலிண்டர், அதே வேகத்தில், அதே அளவு காற்றை இழுத்தும் நான்கில் ஒரு பங்கு ஆக்சிஜனை இழந்துவிடுகிறது. இதற்கிடையே பிஸ்டன், பேரிங்குகள், எண்ணெய் ஆகியவற்றின் உராய்வு உயரத்தைப் பார்த்துக் குறைந்துகொள்வதில்லை என்பதால், சக்கரத்துக்கு வந்து சேரும் ஆற்றல் காற்றின் குறைவைவிடச் சற்று அதிகமாகவே குறைகிறது. ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காடு என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். கீழே 60 குதிரைத்திறன் தரும் என்ஜினிடம் 3000 மீட்டரில் 42 அளவில் எதிர்பார்ப்பதுதான் நியாயம்.

இது முதல் இழப்பு. கரும்புகையும் பெட்ரோல் வாடையும் இதனால் வருபவை அல்ல. அவை இரண்டாவது இழப்பின் அடையாளங்கள். காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைக்காமல் விடுவதால் கலவை கொழுத்துப்போகிறது (காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் இருப்பது கொழுத்த கலவை, பெட்ரோல் குறைந்தது மெலிந்த கலவை), எரியாத பெட்ரோல் கரியாகவும் புகையாகவும் வெளியேறுகிறது. இந்த இரண்டு இழப்புகளையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிக்கொள்ளுமாறு எல்லா வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். முதலாவதை, டர்போ போன்ற காற்றழுத்தி இல்லாமல் எந்த மெக்கானிக்கும் திருப்பித் தர முடியாது. இரண்டாவதை ஒரு திருப்புளியும் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சில பித்தளைத் திருகுகளாகிய ஜெட்டுகளும் கொண்டு பெருமளவு திருத்திவிடலாம். இந்த வேறுபாடு தெரியாததால்தான், மலைமேல் இழுவை குறைந்தது என்று நல்ல என்ஜினைப் பிரித்துப் போடுவதும், திருத்தக்கூடிய கரும்புகையை மலையின் இயல்பு என்று சகித்துக்கொள்வதும் நடக்கின்றன.

கேள்வி: காற்று குறைந்தால் வென்ச்சுரியில் உண்டாகும் இழுவிசையும் குறையும், அப்படியானால் பெட்ரோலும் அதே விகிதத்தில் குறைந்து, கலவை தானாகவே சரியாக அமைய வேண்டாமா?

பதில்: பெட்ரோலும் குறையத்தான் செய்கிறது, ஆனால் காற்று குறைந்த அளவுக்குக் குறைவதில்லை. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

என்ஜின் இழுக்கும் காற்று, கார்புரேட்டரின் குறுகலான பகுதியாகிய வென்ச்சுரியைக் கடக்கும்போது வேகம் எடுக்கிறது. வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் தாழ்கிறது. மிதவை அறையில் நிற்கும் பெட்ரோலின் மீது வெளிக்காற்றின் அழுத்தம் இருப்பதால், இவ்விரண்டு அழுத்தங்களுக்கும் உள்ள வேறுபாடு பெட்ரோலை ஜெட் வழியாகத் தள்ளி, காற்றோட்டத்தில் தூவுகிறது. இந்த வேறுபாடு காற்றின் அடர்த்தியையும் அதன் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து, என்ஜின் அதே சுற்றில் ஓடுமானால், காற்றின் வேகம் மலைமேலும் கீழும் ஏறத்தாழ ஒன்றே. எனவே 3000 மீட்டரில் அடர்த்தி 26 விழுக்காடு குறைந்தால், அழுத்த வேறுபாடும் 26 விழுக்காடு குறையும்.

இதுவரை உங்கள் எண்ணம் சரியானதே. ஆனால் ஒரு துளை வழியாகப் பாயும் திரவத்தின் அளவு, அழுத்த வேறுபாட்டைப் பொறுத்து நேர்விகிதத்தில் மாறுவதில்லை. அதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தே மாறுகிறது. 0.74-இன் வர்க்கமூலம் 0.86. அதாவது காற்று 26 விழுக்காடு குறைந்திருக்கும்போது பெட்ரோல் 14 விழுக்காடு மட்டுமே குறைகிறது. கலவையில் பெட்ரோலின் பங்கு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடிவிடுகிறது. இதே கணக்கு 2000 மீட்டரில் 10 விழுக்காடும், 4000 மீட்டரில் 22 விழுக்காடும் கொழுப்பைக் காட்டும்.

இந்த எண்கள் வண்டியில் எப்படித் தெரியும் என்று பார்ப்போம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். அதிகபட்ச ஆற்றலுக்குச் சற்றுக் கொழுத்த கலவை, அதாவது பன்னிரண்டரைக்கும் பதின்மூன்றுக்கும் இடைப்பட்டது, பொருத்தமானது. கடல் மட்டத்தில் முழு மிதிப்பில் 12.8 வருமாறு அமைத்த கார்புரேட்டர் 3000 மீட்டரில் 11-ஐயும், 4000 மீட்டரில் பத்தரையையும் கொடுக்கும். அந்த அளவில் ஆற்றலும் குறையும், பிளக்கும் கரிபிடிக்கும். ஆனால் சமதளத்தில் மெதுவாக ஓட்டும்போது கீழே 15 அளவில் மெலிந்திருந்த கலவை, மேலே 12.9 ஆகிறது, அது நல்ல இழுவை தரும் கலவைதான். இதனால்தான் பல ஓட்டுநர்கள், சமதளத்தில் வண்டி பரவாயில்லை, ஏற்றத்தில் மிதித்தால்தான் மூச்சு முட்டுகிறது என்று எழுதுகிறார்கள். அவர்கள் கவனித்தது முற்றிலும் உண்மை.

பல கார்புரேட்டர்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. முழு ஆற்றல் தேவைப்படும்போது கூடுதல் பெட்ரோலைத் திறந்துவிட, மேனிஃபோல்டின் (கலவை சிலிண்டர்களுக்குச் செல்லும் குழாயின்) வேக்கத்தால், அதாவது வெளிக்காற்றைவிடத் தாழ்ந்த அழுத்தத்தால், இயங்கும் ஒரு வால்வு இருக்கும். வேக்கம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அது திறக்கும். மலைமேல் வெளியழுத்தமே குறைந்துவிடுவதால் வேக்கமும் குறைவு. கீழே ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாகச் சுழலும்போது) 45 சென்டிமீட்டர் பாதரசம் காட்டும் என்ஜின், 3000 மீட்டரில் 20 முதல் 25 வரைதான் காட்டும். ஆகவே அந்த வால்வு, வண்டி சாதாரணமாக ஓடும்போதே திறந்துகொண்டு, ஏற்கெனவே கொழுத்த கலவையை மேலும் கொழுக்க வைக்கிறது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2000 மீட்டரில் வழக்கமான குளிர் இல்லாமல் 30 டிகிரி வெயில் அடித்தால், காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 3000 மீட்டரில் இருப்பதைப் போலாகிவிடும். ஒரே சாலையில் காலையில் ஏறிய வண்டி பிற்பகலில் சோர்வதற்கு இது முக்கியமான காரணம்.

கேள்வி: வேலை மாற்றத்தால் சுமார் 2500 மீட்டர் உயரத்தில் நிரந்தரமாகக் குடியேறுகிறோம். மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். எந்த அளவுக்கு மாற்றலாம்? சில நாள் பயணமாக மட்டும் வருபவர்களும் மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: சில நாள் பயணத்துக்கு ஜெட்டைத் தொடாதீர்கள். கொழுத்த கலவை பெட்ரோலை வீணாக்கும், பிளக்கைக் கருக்கும்; ஆனால் ஓரிரு நாளில் என்ஜினைக் கெடுத்துவிடாது. மெலிந்த கலவை அப்படியல்ல. மலைக்கென்று சிறிய ஜெட் போட்ட வண்டியை அப்படியே சமவெளிக்கு இறக்கி வேகமாக ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குப் போதிய பெட்ரோல் கிடைக்காமல் எரிப்பறை அளவுக்கு மீறிச் சூடேறும், நாக்கிங் (கலவை தானாக வெடிக்கும் தட்டல்) வரும், வால்வு எரியும், பிஸ்டனின் தலையே ஓட்டையாகலாம். ஏறும்போது நேர்வது தொல்லை. இறங்கும்போது நேரக்கூடியது அழிவு. ஜெட் மாற்றுகிற ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

நீங்கள் அங்கேயே வாழப்போவதால் மாற்றுவது பொருத்தமானதே. பல கார்புரேட்டர்களில் மெயின் ஜெட்டின் தலையில் பொறித்திருக்கும் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகக் குறிக்கும். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். பெட்ரோலின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3000 மீட்டரில் பரப்பை 14 விழுக்காடு குறைக்க வேண்டுமானால், விட்டத்தை 7 விழுக்காடு குறைத்தால் போதும்: 1.20 என்பது 1.11 ஆகும். 2000 மீட்டருக்கு 1.14. உங்கள் உயரத்துக்குக் கணக்கு 1.12-க்கும் 1.13-க்கும் இடையே வரும். அந்த இடத்தில் நான் 115-ஐத்தான் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். கணக்கில் வருவதைவிடச் சற்றுக் கொழுப்பாக இருப்பது பாதுகாப்பு. இன்னொரு எச்சரிக்கை: எல்லாத் தயாரிப்பாளர்களும் விட்டத்தை எண்ணாகப் பொறிப்பதில்லை, சிலர் துளை வழியே ஓடும் பெட்ரோலின் அளவை அடிப்படையாகக் கொண்டு எண் இடுகிறார்கள், சிலருடையது வெறும் வரிசை எண். ஒரு தயாரிப்பின் 115-ஐ மற்றொன்றின் 115-க்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. ஒரே தயாரிப்பின் ஜெட்டுகளையே வாங்குங்கள்.

ஜெட் மென்மையான பித்தளை. அதன் தலையிலுள்ள வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை வைத்துத் திருப்பாவிட்டால் வெட்டு சிதைந்துபோகும், பிறகு அதைக் கழற்றுவதே பெரும்பாடு. கழற்றியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளையைப் பாருங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து மஞ்சள் நிறப் பிசினாக விளிம்பில் படிந்திருந்தால், நீங்கள் போட்ட கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. நூறில் சில பங்கு மில்லிமீட்டர் அளவில் இத்தனை நேரம் கணக்குப் போட்டுவிட்டு, கம்பியால் அதே அளவைக் கீறிப் பெரிதாக்குவதில் பொருளில்லை.

மாற்றிய பிறகு சரிதானா என்பதைப் பிளக் சொல்லும். ஒரு நீண்ட ஏற்றத்தில் நன்றாக ஓட்டி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுமின்முனையைச் சூழ்ந்த பீங்கானில் கைபட்டால் ஒட்டுகிற உலர்ந்த கரி படிந்திருந்தால் இன்னும் கொழுப்பு இருக்கிறது. வெளிர் பழுப்பு நல்லது. ஈயமில்லாத பெட்ரோலில் இந்த நிறம் மங்கலாகவே இருக்கும். வெளுத்து, சிறு பொரிகளோடு தெரிந்தால் உடனே பெரிய ஜெட்டுக்குத் திரும்புங்கள். கழற்றிய பழைய ஜெட்டுகளை வண்டியிலேயே வைத்திருங்கள். சமவெளிக்கு நெடும்பயணம் இறங்குவதற்கு முன் அவற்றைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: மேலே போனதும் ஐட்லிங் தடுமாறி, சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அணைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஐட்லிங்குக்குத் தனிப் பாதை உண்டு, மெயின் ஜெட்டை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதைத் தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும். ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தட்டின் இடுக்கு வழியாக நுழையும் மெல்லிய காற்று என்ஜினைச் சுழற்றப் போதாமல் சுற்று குறைகிறது, கலவையும் கொழுத்திருக்கிறது. முதலில் ஐடில் வேகத் திருகைச் சிறிது உள்ளே திருப்பி, சுற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கலவைத் திருகுக்குச் செல்லுங்கள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பெரும்பாலான கார்களில் அந்தத் திருகு, த்ராட்டில் தட்டுக்கு என்ஜின் பக்கமாக அமைந்து, உள்ளே வரும் பெட்ரோல் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும். அதை உள்ளே திருப்பினால் கலவை மெலியும். சில கார்புரேட்டர்களில் அது காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு. அதை வெளியே திருப்பினால்தான் மெலியும். உங்களுடையது எது என்று தெரியாமல் திருப்பாதீர்கள்.

என்ஜின் நன்றாகச் சூடான பின், கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பி, சுற்று மிகச் சீராகவும் உயர்வாகவும் இருக்கும் இடத்தைக் கண்டு, அங்கேயே நிறுத்துங்கள். எந்தத் திசையில் எத்தனை திருப்பு என்பதைத் தாளில் குறித்து வண்டியில் வையுங்கள். பயணிகளும் தயங்காமல் செய்துகொள்ளக்கூடிய ஒரே மாற்றம் இதுதான்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சோக்கை (குளிர்ந்த என்ஜினுக்குக் கலவையைக் கொழுக்க வைக்கும் தட்டை) வழக்கமான அளவுக்கு இழுக்க வேண்டாம். கலவை ஏற்கெனவே கொழுத்திருப்பதால் பாதி போதும். என்ஜின் பிடித்துக்கொண்டதும் விரைவாக உள்ளே தள்ளிவிடுங்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டால் காற்று கூடுதலாகக் கிடைத்து, மலைமேல் இழுவை கூடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. சுத்தமான ஃபில்டர் தடுக்கும் காற்று மிகச் சொற்பம். நீங்கள் இழந்திருப்பதோ வளிமண்டலத்தின் அழுத்தத்தை. ஃபில்டர் இல்லாமல் மலைச்சாலைப் புழுதியில் ஓட்டினால் சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையங்களும் தேயும். ஆனால் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றுவதால் நன்மை உண்டு. குறிப்பாக மிதவை அறையின் காற்றுத்துளை ஃபில்டருக்கு வெளியே திறந்திருக்கும் கார்புரேட்டர்களில், அடைத்த ஃபில்டர் சோக் போலவே வேலை செய்து கலவையைக் கொழுக்க வைக்கும். மலையேறும் முன் அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இக்னிஷன் டைமிங்கையும் மாற்ற வேண்டுமா? மலைப்பகுதிகளில் குறைந்த ஆக்டேன் பெட்ரோலே போதும் என்பதும் சரிதானா?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால் சேர்த்தே சொல்கிறேன். மெல்லிய காற்றால் நிரம்பிய சிலிண்டரில் அமுக்க முடிவில் அழுத்தம் குறைவாக இருக்கும். அங்கே தீ சற்று மெதுவாகப் பரவுகிறது. கலவை தானாக வெடித்து நாக்கிங் உண்டாகும் வாய்ப்பும் குறைகிறது. ஆகவே தீப்பொறியைச் சற்று முன்னதாகவே கொடுக்க இடமும் உண்டு, தேவையும் உண்டு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில், வேக்கத்தால் இயங்கித் தீப்பொறியை முன்னே தள்ளும் அட்வான்ஸ் இருந்தால் தேவை இன்னும் கூடுகிறது. முன்பே சொன்னபடி மலைமேல் வேக்கம் குறைவதால் அது கீழே தந்த அளவு அட்வான்ஸைத் தராது. உயரத்திலேயே வாழும் காருக்கு ஓரிரு டிகிரியில் தொடங்கி, நாக்கிங் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக்கொண்டே சில டிகிரி வரை கூட்டிப் பார்க்கலாம். பயணிகளுக்கு இது வேண்டாம்.

ஆக்டேன், அதாவது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு, பற்றிய கூற்றும் கார்புரேட்டர் கார்களைப் பொறுத்தவரை உண்மையே. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதி மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோல் விற்கும் வழக்கம் இந்த அடிப்படையில் உருவானதுதான். ஆனால் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை டேங்க் நிறைய மேலே நிரப்பிக்கொண்டு, டைமிங்கையும் முன்னே தள்ளிவைத்து, அப்படியே சமவெளிக்கு இறங்கினால் நாக்கிங் நிச்சயம். தானே டைமிங்கைப் பின்னே இழுத்துக்கொள்ளும் அறிவு பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கிடையாது. விலையில் மிச்சமாகும் சிறு தொகைக்காக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: நீண்ட ஏற்றம் ஏறி முடித்து, வண்டியை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் எடுப்பதில்லை. அரைமணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் வராமல் நின்றதும் உண்டு.

பதில்: இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள், இரண்டுக்கும் வேர் ஒன்றே. அழுத்தம் குறைந்தால் திரவங்கள் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். தண்ணீர் 3000 மீட்டரில் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அதன் மெல்லிய பகுதிகள் கடல் மட்டத்திலேயே 40 டிகிரிக்குக் கீழே ஆவியாகத் தொடங்கும். மலைமேல் இன்னும் எளிதாக ஆவியாகும். குறைந்த கியரில், மெதுவான வேகத்தில், முழு மிதிப்பில் ஏறும்போது பானெட்டுக்குள் சூடு உச்சத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓடும்போதே நிற்பது, என்ஜினோடு ஒட்டிய பெட்ரோல் பம்பிலோ குழாயிலோ ஆவி அடைத்துக்கொள்வதால். பம்ப் ஆவியை அமுக்கி அமுக்கி விடுமே தவிரப் பெட்ரோலை இழுக்காது. பானெட்டைத் திறந்துவைத்து ஆறவிடுவதும், ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றுவதும் உடனடி நிவாரணம். நிலையான தீர்வு வேண்டுமானால், பெட்ரோல் குழாய் எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே செல்லாதபடி மாற்றி வெப்பத்தடுப்பு உறை போடுங்கள். டேங்கின் அருகே மின்சாரப் பம்ப் பொருத்தினால் குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருப்பதால் ஆவி உண்டாவது மிகவும் குறையும்.

அணைத்த பிறகு எடுக்காதது வேறு. என்ஜின் நின்றதும் விசிறியின் காற்றும் நின்றுவிட, கீழேயிருந்து ஏறும் சூட்டில் மிதவை அறையிலுள்ள பெட்ரோல் கொதித்து, மேனிஃபோல்டுக்குள் வழிந்துவிடுகிறது. அங்கே காற்றைவிடப் பெட்ரோலே அதிகம். அப்போது சோக்கை இழுப்பதும், ஆக்சிலரேட்டரை அடித்து அடித்து மிதிப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக முழுதும் மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். உள்ளே தேங்கிய ஆவி வெளியேறியதும் என்ஜின் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வெப்பம் கடத்தாத தடித்த இடைத்தகடு பொருத்தினால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். ஏற்றம் முடிந்தவுடன் அணைக்காமல் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டு அணைப்பதும் உதவும்.

இதே காரணத்தால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையத்தையும் பார்த்துவிடுங்கள். அழுத்தத்தைத் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் தண்ணீரின் கொதிநிலை 100-க்கு மேலேயே இருக்கும். மூடி கசிந்தால் 3000 மீட்டரில் 90 டிகிரியிலேயே பொங்கிவிடும்.

கேள்வி: என் காரில் இருப்பது பிஸ்டன் ஏறி இறங்கும் எஸ்யூ வகைக் கார்புரேட்டர். இவ்வகை உயரத்துக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும் என்கிறார் எங்கள் மெக்கானிக். ஜெட்டை மாற்றாமலே விட்டுவிடலாமா?

பதில்: பலரும் நம்பும் கருத்து இது, முழு உண்மை அல்ல. இவ்வகையில் காற்று குறைந்தால் பிஸ்டன் தாழ்ந்து, அதோடு ஜெட்டுக்குள் நிற்கும் கூம்பு ஊசியும் இறங்கிப் பெட்ரோலைக் குறைக்கிறது. ஆனால் பிஸ்டன் அறிவது காற்றின் ஓட்டத்தை மட்டுமே, காற்றின் எடையை அல்ல. ஊசியின் எந்த நிலையிலும் பெட்ரோலைத் தள்ளும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ மாறாமல் இருக்க, அதே வேறுபாட்டில் நுழையும் மெல்லிய காற்றின் எடையோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கேற்பக் குறைகிறது. கணக்கு முன்பு பார்த்த அதே இடத்தில் வந்து நிற்கும். நல்ல செய்தி என்னவென்றால், இவ்வகையில் ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. அடியிலுள்ள நட்டைத் திருப்பி ஜெட்டைச் சற்று உயர்த்தினால் கலவை மெலிந்துவிடும். இறங்கும்போது அதே அளவு தாழ்த்திக்கொள்ளலாம்.

உண்மையிலேயே உயரத்தை உணர்ந்து சரிசெய்யும் கார்புரேட்டர்களும் உண்டு. காற்று புகாதபடி மூடிய, மடிப்புகள் கொண்ட ஒரு சிறு உலோகப் பெட்டி, வெளியழுத்தம் குறையக் குறைய விரிந்து, ஓர் ஊசியை நகர்த்திப் பெட்ரோலைக் குறைக்கும் அல்லது கூடுதல் காற்றுப் பாதையைத் திறக்கும். 4000 அடிக்கு மேற்பட்ட பகுதிகளில் விற்கும் கார்கள் அந்த உயரத்திலேயே புகை விதிகளை நிறைவு செய்ய வேண்டும் என்று 1977-ஆம் ஆண்டு மாடல்களுக்கு அமெரிக்கா விதித்ததும், இத்தகைய அமைப்புகள் கார்களில் பெருகக் காரணமானது. விமானங்களின் பிஸ்டன் என்ஜின்களிலோ, விமானியே கலவையை மெலிய வைக்கும் நெம்புகோல் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஏறும்போது மெலிய வைத்து, இறங்கும் முன் கொழுக்க வைப்பது அவர்களுக்கு அன்றாட ஒழுங்கு.

கேள்வி: மலைமேல் மைலேஜ் குறைவது தவிர்க்க முடியாததா?

பதில்: கலவை திருத்தாத காரில் குறையும், திருத்திய காரில் குறைய வேண்டியதில்லை. மெல்லிய காற்று வண்டியை எதிர்த்துத் தள்ளுவதும் குறைவு. மேலும் அதே வேகத்துக்கு த்ராட்டிலைக் கூடுதலாகத் திறக்க வேண்டியிருப்பதால், பாதி மூடிய தட்டைக் கடந்து காற்றை இழுக்க என்ஜின் வீணாக்கும் ஆற்றலும் குறைகிறது. உயர்ந்த பீடபூமிகளில் சீராக ஓடும், சரியாக ஜெட் அமைத்த கார், சமவெளியைவிடச் சற்று நல்ல மைலேஜ் கூடத் தரலாம். ஏற்ற இறக்கமான சாலையின் கணக்கு வேறு; அங்கே பெட்ரோலைத் தின்பது உயரமல்ல, ஏற்றம்.

கேள்வி: இன்ஜெக்ஷன் கார்களுக்கு இந்தக் கவலையே இல்லையா?

பதில்: இரண்டாவது இழப்பு அவற்றுக்கு இல்லை. காற்றின் அழுத்தத்தையோ எடையையோ சென்சார் அளந்து, எக்சாஸ்டில் மிஞ்சும் ஆக்சிஜனையும் பார்த்து, பெட்ரோலைக் கணினி திருத்திக்கொள்கிறது. முதல் இழப்பு அவற்றுக்கும் உண்டு. டர்போ இல்லாத புதிய கார் 3000 மீட்டரில் இழுவை குறைந்தால், அதைப் பழுது என்று பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: மலைமேல் பிரேக் பெடல் கடினமாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. இதற்கும் உயரத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, இதை அலட்சியம் செய்யக் கூடாது. பிரேக் பூஸ்டர், ஒரு பக்கம் மேனிஃபோல்டின் வேக்கமும் மறுபக்கம் வெளிக்காற்றின் அழுத்தமும் இருக்க, அந்த வேறுபாட்டைக் கொண்டு உங்கள் காலுக்கு உதவுகிறது. வெளியழுத்தமே குறைந்துவிட்ட இடத்தில் அந்த உதவி குறையும். பிரேக் பிடிக்காமல் போய்விடாது. ஆனால் அதே அளவு நிறுத்த, கூடுதல் பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். ஐட்லிங் தடுமாறும் என்ஜினில் வேக்கம் இன்னும் குறைவு என்பதால், ஐட்லிங்கைச் சரிசெய்வது பிரேக்குக்கும் உதவி. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். பூஸ்டரில் தேங்கிய வேக்கம் இரண்டு மூன்று மிதிப்புக்கு மேல் வராது, என்ஜினின் பிடிப்பும் கிடைக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது சைலன்சரில் சிறு வெடிச்சத்தம் கேட்டால் அஞ்ச வேண்டாம். அரைகுறையாக எரிந்த கலவை அங்கே எரிகிறது. மேலே கலவைத் திருகை மெலிய வைத்திருந்தால், அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, தாளில் குறித்த அளவுக்குத் திருப்பி வைத்த பிறகே நெடுஞ்சாலையில் வேகமெடுங்கள்.